அடையாற்றுச் சிங்கப்பூர்

வாசல் மணி அடித்ததும் ஜலஜாவின் கை பேத்தியின் பின்னலில் அப்படியே நின்றுவிட்டது. புதன்கிழமை காலை எட்டரை மணி. பள்ளிக்கூட வேன் போய் அரை மணி ஆகிறது. ஏழு வயது ஸஹானா யூனிபாரம் போடாமல் நீலக் கவுனில் உட்கார்ந்திருக்கிறாள். யாராவது பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"திறக்காதே, ரஞ்சனி," என்றாள் ஜலஜா, குரலே எழும்பாமல்.

மகள் ஸ்ரீரஞ்சனி திறந்தாள். மூன்றாம் மாடி சுலோச்சனா மாமி, கையில் கிண்ணத்தோடு நின்றாள். தயிருக்கு உறை வேண்டுமாம். கிண்ணத்தை நீட்டினாளே தவிர மாமியின் கண் உறையில் இல்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை மேல் இருந்தது.

"என்னடி ஸஹானா, ஸ்கூல் இல்லையா இன்னிக்கு?"

ரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் குழந்தை முந்திக்கொண்டது. "ஹிந்தி எக்ஸாம் மாமி. ப்ராத்மிக்."

"சமத்து. அப்பா எப்போ வரார்?"

"அப்பா சிங்கப்பூர்ல இருக்கார். லீவு கெடச்சா வருவார்."

கண் சிமிட்டவில்லை, நாக்குப் புரளவில்லை. மாமி "நன்னா எழுது" என்று சொல்லி, உறையை வாங்கிக்கொண்டு படியேறிப் போனாள். கதவைச் சாத்தியதும் ஜலஜா பேத்தியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "என் தங்கம். பட்டுனு சொல்லித்து பாரு."

ரஞ்சனிக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. ஆனால் அதை உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. பத்தரை மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு நீதிபதி ஸஹானாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசப்போகிறார். குழந்தை அம்மாவிடம் வளர்வதா அப்பாவிடம் வளர்வதா என்பதில் பாதி முடிவு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

ஹிந்தியும் கிடையாது, எக்ஸாமும் கிடையாது. சிங்கப்பூர் கிடையவே கிடையாது. ஸஹானாவின் அப்பா ஜெயராம் இருப்பது அடையாறில். மயிலாப்பூரில் இந்த ஃப்ளாட் வாசலிலிருந்து பஸ்ஸில் போனால் இருபது நிமிஷம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ரஞ்சனி இரண்டு பெட்டியும் ஒரு குழந்தையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள். அன்றைக்கு அவள் அப்பா ஸ்ரீரங்கன் மூன்று கேள்வி கேட்டார். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்து பழகிய மனுஷர்.

"அடிச்சானா?"

"இல்லப்பா."

"குடிக்கறானா?"

"இல்லப்பா."

"வேற யாரோடயாவது?"

"இல்லப்பா. பேச மாட்டேங்கறார்."

"பேசலைன்னா ஒருத்தி பெட்டியத் தூக்கிண்டு வந்துடுவாளா?"

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? ஒரு தடவை கோபம் வந்தால் பத்து நாள், இருபது நாள். கடைசித் தடவை நாற்பத்தொரு நாள். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். ஜெயராம் குழந்தையைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட காபி வேணும்னு சொல்லு" என்பான். குழந்தை நாலு எட்டு நடந்து வந்து, "அம்மா, அப்பாக்குக் காபி வேணுமாம்" என்று சொல்லும். பேசத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்கு இதே வேலை. ரஞ்சனி மந்தைவெளியில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள், நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவள். தன் வீட்டில் தான் இருப்பது தனக்கே சந்தேகமாகிப் போன பிறகுதான் கிளம்பினாள்.

சிங்கப்பூரைக் கண்டுபிடித்தது ஸ்ரீரங்கன்தான். லிஃப்டில் யாரோ "மாப்பிள்ளை வரலையா சார்?" என்று கேட்க, குடியிருப்போர் சங்கச் செயலாளரான அவர் வாயிலிருந்து "சிங்கப்பூர்ல ப்ராஜெக்ட்" என்று வந்து விழுந்தது. சொல்ல மூன்று விநாடி ஆகியிருக்கும். அதற்குத் தீனி போட ஒரு குடும்பமே பாடுபட்டது. தீபாவளிக்கு மாப்பிள்ளை அனுப்பிய சாக்லேட் என்று தி.நகரில் வாங்கி வந்த டப்பாக்களை மாடி மாடியாகக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் மணி எத்தனை என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்று ஜலஜா இரண்டரை மணியைக் கூட்டிச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

எல்லாம் ஆரபிக்காக. ரஞ்சனியின் தங்கை, பெங்களூரில் வேலை. நங்கநல்லூரில் ஒரு இடம் ஏறக்குறையக் கூடி வந்திருந்தது. "அக்கா டைவர்ஸ்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் ஜாதகத்தத் திருப்பி அனுப்பிடுவா. அவளுக்கு ஒண்ணு முடியட்டும், அப்புறம் நீ ஊரைக் கூட்டிச் சொல்லிக்கோ" என்பாள் ஜலஜா. ரஞ்சனி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு அலுத்துப் போய் விட்டுவிட்டாள். வேலை, வழக்கு, வாய்தா. இதில் சிங்கப்பூரோடு வேறு யார் மல்லுக்கட்டுவது.

சனிக்கிழமைதோறும் அப்பா குழந்தையை இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, "நானே ஆத்துக்கு வந்து அழைச்சுண்டு போறேன்" என்றுதான் ஜெயராம் கேட்டான். ஸ்ரீரங்கன் குதித்தார். அவன் நிழல் இந்தத் தெருவில் விழக்கூடாது. அதனால் நீதிமன்ற வளாகத்திலேயே, பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறையில், பிளாஸ்டிக் சறுக்குமரத்துக்கும் பெண் போலீசுக்கும் நடுவில் ஸஹானா தன் அப்பாவைப் பார்த்தாள். அதுதான் ஹிந்தி வகுப்பு. தெரு முனையில் ஆட்டோ பிடித்தால் யாராவது பார்ப்பார்கள் என்று லஸ் கார்னர் வரை நடந்து போய் ஏறுவார்கள்.

குழந்தைக்கு விதி ரொம்பத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆத்து மனுஷாளிடம் அடையாறு. வெளி மனுஷாளிடம் சிங்கப்பூர்.

லஸ் கார்னரில் வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் சேட்டு அன்றும் நின்றிருந்தார். "இன்னாமா, சனிக்கெயமதானே வருவீங்கோ. இன்னிக்கி புதனாச்சே?"

"இன்னிக்கு ஜட்ஜைப் பாக்கணும்."

சேட்டு கடற்கரைச் சாலையில் திருப்பினார். பிறகு கண்ணாடியில் குழந்தையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நானும் என் ஊட்டுக்காரியும் பிரிஞ்சிட்டோம்மா. அப்போ எங்க தெருவே கூடி நின்னு பாத்துச்சு. அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னியோட முடிஞ்சிது. அப்பால ஒருத்தனும் இன்னா ஏதுன்னு கேக்கல. இப்ப பையன் ரெண்டு ஊட்லயும் துன்னுகினு ஜாலியா கீறான்."

ரஞ்சனியின் மனதில் முந்தின நாள் வக்கீல் ஷம்ஷாத் சொன்னது ஓடிக்கொண்டிருந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடியில் ஆபீஸ். சாம்பார் வாசனைக்கு நடுவில் ஷம்ஷாத் விரல் விட்டுச் சொன்னாள்.

"அஞ்சு வயசுக்குள்ள இருந்தா சாதாரணமா அம்மாகிட்டதான் விடுவாங்க. உங்க பொண்ணுக்கு ஏழாச்சு. சட்டத்துல முதல் காப்பாளர்னு அப்பா பேரைத்தான் எழுதி வெச்சிருக்காங்க. ஆனா அப்பா உரிமை, அம்மா உரிமை, எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நலன். அதைத்தான் ஜட்ஜ் பாப்பாங்க. குழந்தை உங்ககூட நல்லா இருக்கா, படிக்கிறா, நமக்குச் சாதகமாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அவ ஜட்ஜ்கிட்ட பேசறதுக்கு நீங்க எதுவும் சொல்லிக்கொடுக்காதீங்க. சொல்லிக்கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க."

ரஞ்சனி அதை அப்படியே கடைப்பிடித்தாள். ராத்திரி படுக்கும்போது ஸஹானா, "அந்த ஜட்ஜ் மாமி என்ன கேப்பாம்மா?" என்று கேட்டதற்குக்கூட, "தெரியாதும்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் படுத்தாள். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தது ஒன்று குழந்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது அவள் புத்தியில் படவே இல்லை. பாவி, இயற்பியல் படித்தவள்.

நீதிமன்ற வராந்தாவில் ஜெயராம் தூணோரமாக நின்றிருந்தான். இளைத்திருந்தான். ஸஹானா அவனைப் பார்த்துக் கையாட்டினாள், அவனும் ஆட்டினான். ரஞ்சனியின் பக்கம் அவன் திரும்பவில்லை. கூப்பிட்டார்கள். குழந்தை தன் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போயிற்று. பன்னிரண்டு நிமிஷம். பிறகு பெற்றவர்களையும் வக்கீல்களையும் உள்ளே அழைத்தார்கள். குழந்தையை ஆலோசகர் ஒருத்தி பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள்.

நீதிபதிக்கு அறுபது வயதுக்குள் இருக்கும். காலையிலேயே களைத்துப் போன முகம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"புத்திசாலிக் குழந்தை. அம்மாகூட இருக்கப் பிடிக்குமான்னு கேட்டேன், பிடிக்கும்னா. அப்பாவைப் பிடிக்குமான்னு கேட்டேன், பிடிக்கும்னா. அப்பா எங்க இருக்கார்னு கேட்டேன். சிங்கப்பூர்ல இருக்கார், லீவு கிடைச்சா வருவார்னா."

நீதிபதி ஜெயராமைத் திரும்பிப் பார்த்தார்.

"வெளியில நிக்கிறது யாருன்னு கேட்டேன். அப்பான்னா. அப்ப சிங்கப்பூர்ல இருக்கறது யாருன்னேன். எனக்குப் புரியலைன்னு அவளுக்கு வருத்தம். வீட்டு மனுஷங்க கேட்டா அடையாறு, வெளி மனுஷங்க கேட்டா சிங்கப்பூர்னு பொறுமையா விளக்கிச் சொன்னா. நான் வெளி மனுஷியாம்."

ஜெயராமின் வக்கீல் துள்ளி எழுந்தார். அப்பாவையே இல்லாமலாக்கும் முயற்சி, திட்டமிட்ட மனமாற்றம் என்று அடுக்கினார். ஜெயராம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் இருக்கேன்னு சொல்லக்கூடவா அவளுக்கு அனுமதி இல்ல?" என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் நியாயமான கேள்வி, ரஞ்சனிக்கே அப்படித்தான் பட்டது. அது வேறு வலித்தது.

"கோர்ட்டுக்காக நான் எதுவும் சொல்லிக்கொடுக்கல, மேடம்," என்றாள்.

"தெரியும். கோர்ட்டுக்காகச் சொல்லிக்கொடுத்திருந்தா இந்தப் பதிலை மாத்தியிருப்பீங்க. இது தினப்படி பழக்கம். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

உத்தரவு சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இனி வாரா வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணி வரை குழந்தை அப்பாவுடன் இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஆலோசகர் மறுபடி குழந்தையிடம் பேசுவார். அப்போதும் இதே பதில் வந்தால், நிரந்தரமாகவே அப்பாவிடம் ஒப்படைப்பதைப் பரிசீலிக்க வேண்டியிருக்கும். "இன்னொண்ணு," என்றார் நீதிபதி, பேனாவை மூடிக்கொண்டே. "இந்த வளாகத்துல வெச்சு ஒப்படைக்க வேண்டாம். அப்பா, அம்மாவோட வீட்டு வாசலுக்கு வந்து அழைச்சுக்கிட்டுப் போகட்டும். தன் அப்பா தன் வீட்டு மணியை அடிக்கக்கூடிய மனுஷர்தான்னு அவ பாக்கணும்."

வராந்தாவில் ஷம்ஷாத் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். "எதுவும் சொல்லிக்கொடுக்காதீங்கன்னு சொன்னேன். ஏற்கெனவே என்ன சொல்லிக்கொடுத்திருக்கீங்கன்னு நான் கேக்கல. என் தப்பும் இருக்கு," என்றாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஸஹானா கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணகி சிலை தாண்டியதும் கேட்டாள். "நான் கரெக்டாதானேம்மா சொன்னேன்? ஒண்ணுகூட மறக்கல."

ரஞ்சனி அவளைப் பிடித்து மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். "நீ கரெக்டாதான் சொன்னே, கண்ணு. நாங்கதான் தப்பா சொல்லிக்கொடுத்தோம்."

வீட்டில் ஸ்ரீரங்கன் உத்தரவை முழுக்கக் கேட்டார். இரண்டு மாதம், நிரந்தரமாக, பரிசீலனை, எல்லாவற்றையும் தாண்டி அவர் மனம் ஒரே இடத்தில் போய் நின்றது.

"வாசலுக்கு வரானா? எந்தச் சனிக்கிழமை?"

"வர சனிக்கிழமை."

"கொலு ரெண்டாம் நாள்," என்றாள் ஜலஜா. "அஞ்சு மணின்னா நாலு பேர் மஞ்சள் குங்குமத்துக்கு வந்திருப்பாளே."

"நீ அவளை லஸ் கார்னருக்கு அழைச்சுண்டு போய் அங்கேயே விட்டுடு."

"உத்தரவுல வாசல்னு போட்டிருக்குப்பா."

"அவா வந்து பாக்கப் போறாளா?"

"அப்பா, குழந்தை போயிடும். நான் சொல்றது காதுல விழறதா? ரெண்டு மாசத்துல ஸஹானா நம்மாத்துல இருக்கமாட்டா."

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். வழி கண்டுபிடித்தது ஜலஜாதான், அதுவும் மறுநாள் கொலுப்படிக்கு வேட்டி விரிக்கும்போது. அவள் முகமே தெளிந்துவிட்டது. "இதுல என்ன இருக்கு. லீவுல வந்திருக்கார்னு சொல்லிட்டாப் போச்சு. சிங்கப்பூர்லேர்ந்து."

ரஞ்சனி கையிலிருந்த செட்டியார் பொம்மையைப் படியில் வைத்தாள். தலை வலித்தது. அடுத்த பொம்மையை எடுத்துத் துடைத்தாள்.

சனிக்கிழமை நாலரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. சுலோச்சனா மாமி, முதல் மாடி மாமி, எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர். கொண்டைக்கடலைச் சுண்டல், தொன்னைகளில். ஸஹானா பட்டுப்பாவாடையில் ஒரு வர்ணத்தைப் பாதி பாடி, மீதி மறந்து, சிரித்தாள். அவளுடைய பை, இரண்டு மாற்று உடையும் தலையணைக்குப் பதிலாக அவள் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துண்டும் வைத்து, கதவோரம் தயாராக இருந்தது.

"ஹம்ஸினி வரலையா?" என்று யாரோ சுலோச்சனா மாமியைக் கேட்டார்கள். மாமியின் பெண். கல்யாணமாகிப் புனே போனவள், சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வந்தாள். இரண்டு வருஷமாக மூன்றாம் மாடியில் படித்துக்கொண்டே இருக்கிறாள்.

"படிச்சிண்டிருக்கா," என்றாள் மாமி.

சரியாக ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. ஸ்ரீரங்கன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரஞ்சனி எழுவதற்குள் ஜலஜா ஓடிப் போய்த் திறந்தாள்.

"வாங்கோ மாப்பிள்ளை. ஃப்ளைட்லாம் சௌகரியமா இருந்துதா?" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

ஜெயராம் வாசற்படியில் நின்றான். தோளில் ஆபீஸ் பை, சட்டை பஸ்ஸில் கசங்கியிருந்தது. மாமியாரைப் பார்த்தான், உள்ளே மாமிகளைப் பார்த்தான், வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. அவனுடைய மௌனம் முதல்முறையாக அந்த வீட்டுக்கு உபயோகப்பட்டது.

"பாத்தியா, அப்பா வந்துட்டார்," என்றாள் சுலோச்சனா மாமி குழந்தையிடம். "சிங்கப்பூர்லேர்ந்து என்னடி வாங்கிண்டு வந்திருக்கார்?"

ஸஹானா அப்பாவைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் வந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள். ரகசியம் பேசுவதாகத்தான் அவள் நினைப்பு. ஆனால் குழந்தைகளின் ரகசியம் எங்கே கேட்காமல் இருக்கும்.

"அம்மா, இவால்லாம் வெளி மனுஷாளா, ஆத்து மனுஷாளா? இப்போ எது சொல்லணும்?"

ஜலஜா தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. ரஞ்சனி அதைப் பார்த்தாள். அம்மா மேல் இரக்கம்கூட வந்தது.

"இனிமே எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான். நெஜத்தைச் சொல்லு."

குழந்தை சுலோச்சனா மாமியின் பக்கம் திரும்பியது. "அப்பா அடையாறுல இருக்கார். நானும் அம்மாவும் இங்க இருக்கோம். கோர்ட்டுல கேஸ் நடக்கறது. ஹிந்தி கிளாஸ் கிடையாது," என்றது.

யாரும் தொன்னையிலிருந்து நிமிரவில்லை. ஜலஜா கொலுப்படி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். சுலோச்சனா மாமி, சுண்டலைக் கிளறிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"தெரியும்டி, ரஞ்சனி. போன கொலுவுக்கே தெரியும். என் நாத்தனார் பிள்ளை அடையாறுல அதே தெருவுலதான் இருக்கான். தினமும் பாக்கறான்."

முதல் மாடி மாமியும் தலையாட்டினாள். அவளுக்கும் தெரியும். எதிர் வீட்டுக்கும் தெரியும்.

"தெரிஞ்சுமா குழந்தையைப் பாக்கறப்பல்லாம் கேட்டேள்?" என்றாள் ரஞ்சனி.

"நீங்க சொல்லிண்டிருக்கேள். கேக்காம இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்," என்றாள் மாமி.

ஒருத்தர்கூட நம்பாத பொய்க்காகக் குழந்தையையே பறிகொடுக்க இருந்தோம் என்று ரஞ்சனிக்கு உறைத்தது. கோபப்படலாம் என்று பார்த்தாள். அதற்குக்கூடத் தெம்பில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

ஜெயராம் குனிந்து பையை வாங்கிக்கொண்டான். குழந்தையின் கையைப் பிடித்தான். பிறகு, ஒரு முழம் தள்ளி நிற்கும் ரஞ்சனியைப் பார்க்காமல், "நாளைக்கு ஆறு மணிக்குக் கொண்டு விடறேன்னு அம்மாகிட்ட சொல்லு, ஸஹானா," என்றான்.

குழந்தை வழக்கம்போலத் திரும்பி, வாயைத் திறந்தது. ரஞ்சனி அவள் வாயை மெல்ல மூடினாள்.

"என்கிட்டயே சொல்லுங்கோ. நான் இங்கதான் நிக்கறேன்."

லிஃப்ட் வந்து கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. ஜெயராம் நிமிர்ந்து, பதினாலு மாதத்துக்கும் நாற்பத்தொரு நாளுக்கும் பிறகு, அவள் முகத்தைப் பார்த்தான்.

"நாளைக்கு ஆறு மணி," என்றான்.

"சரி. பால் குடிக்காம தூங்கமாட்டா."

"தெரியும்."

அப்பாவும் பெண்ணும் படியிறங்கிப் போனார்கள். பாவாடை தடுக்காமல் இருக்க ஸஹானா ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

மாமிகள் மஞ்சள், குங்குமம், வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். சுலோச்சனா மாமி மட்டும் செருப்பைத் தேடுகிறவள்போல வாசலிலேயே தாமதித்தாள். மற்றவர்கள் எல்லாரும் போனதும் ரஞ்சனியின் பக்கத்தில் வந்தாள்.

"உன் வக்கீல் நல்ல மாதிரியா?"

"நல்ல மாதிரிதான்."

"நம்பர் இருந்தா கொடேன். எங்களுக்கில்ல. தெரிஞ்சவா ஒருத்தருக்கு."

ரஞ்சனி உள்ளே போய் ஒரு சீட்டில் ஷம்ஷாத்தின் நம்பரை எழுதி எடுத்து வந்தாள். கொடுக்கும்போது மாமியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஹம்ஸினியையே பேசச் சொல்லுங்கோ, மாமி."

மாமி சீட்டை நாலாக மடித்து வெற்றிலைக்கு அடியில் செருகி, மேலே தேங்காயை வைத்து மறைத்துக்கொண்டு, மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனாள்.